417-ஆம் நம்பர் புல்லின் வேர்

கல்லூரி மலருக்குப் பொன்னுரங்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவர் காலமாகி மூன்று மாதம் ஆகிறது. ‘ஒரு புல்லுக்கே தன் பெயரைத் தந்த ஊழியர்’ என்று தலைப்பையும் அவர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கொண்டுவந்த அந்தப் புல் இருக்கும் அலமாரியை இந்தப் பத்து வருடத்தில் ஒருத்தராவது திறந்து பார்த்திருந்தால் அப்படித் தலைப்புப் போட்டிருக்க மாட்டார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடட்டும்.

என் பெயர் ராஜாம்பாள். அந்தக் கல்லூரியின் ஹெர்பேரியத்தில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தேன். ஹெர்பேரியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, செத்த செடிகளை வைத்துக் காப்பாற்றும் அறை. காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வந்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் இறுக்கிக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டுவோம், அதற்கு ஷீட்டு என்று பெயர். வலது கீழ்மூலையில் ஒரு லேபிள். எங்கே எடுத்தது, எவ்வளவு உயரம், எந்தத் தேதி, எடுத்தவர் யார், அவருடைய வரிசை நம்பர் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அட்டையில் ஒட்டுவதும் லேபிள் தட்டச்சு செய்வதும் என் வேலை. செடி கொண்டுவருவது பொன்னுரங்கத்தின் வேலை.

அந்த அறையில் இரண்டு விதி உண்டு. புல் என்றால் வேரோடு வர வேண்டும். வேரில்லாமல் வந்தால் எங்கள் புரொபசர் தங்கதுரை, “கொண்டுபோய் மாட்டுக்குப் போடு” என்பார். இன்னொன்று, ஒருமுறை ஒட்டிய லேபிளை யாரும் கிழிக்கக் கூடாது. தப்பாகவே இருந்தாலும் அது அங்கேயே இருக்கும். சரியான விவரத்தைத் தனிச் சீட்டில் அடித்துப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். செடியைப் பற்றி நாம் சொன்ன பொய்யும் உண்மையும் ஒரே அட்டையில் காலத்துக்கும் கிடக்கும்.

பொன்னுரங்கத்துக்கு ஊர் வடக்கனந்தல். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அவருடைய அப்பா அடுத்தவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டியே ஆயுளைக் கழித்தவர். வரப்பில் நிலத்துக்காரர் எதிரே வந்தால், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நின்று, அவர் போன பிறகுதான் வரப்பேறுவாராம். பக்கத்தில் பொன்னுரங்கமும் சேற்றில் நின்றிருக்கிறார். பத்தாவது படித்துவிட்டுக் கல்லூரியில் தினக்கூலிக்கு வந்தபோது, முதல் வேலையாக ஒரு காக்கி பேண்ட் தைத்துக்கொண்டார். மூன்று வருடம் அந்த ஒரே பேண்ட்தான். துவைத்துப் போட்ட அன்றைக்கு மனுஷன் அறையை விட்டு வெளியே வரமாட்டார்.

வேலையில் சூரர் என்றுதான் சொல்ல வேண்டும். இலையைக் கசக்கி மோந்து பார்த்தே பாதிச் செடிக்குப் பெயர் சொல்லுவார். ஒரே ஒரு குறை இருந்தது, அது எங்கள் யாருக்கும் தெரியாது. உயரம் என்றால் அவருக்குப் பயம். மலைப்பாதையில் நடப்பார், காட்டில் சுற்றுவார். ஆனால் பாறை விளிம்பில் நின்று கீழே பார்க்கச் சொன்னால் கால் இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிடும். செடி பொறுக்குகிறவனுக்கு உயரத்தில் பயம் என்றால் யார் வேலை கொடுப்பார்கள்? மறைத்துவிட்டார்.

1974 டிசம்பரில் அவரைக் கல்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். வெள்ளிமலைக்கு மேற்கே சடையன் பாறை என்று ஒரு பெரிய பாறை. அதன் விளிம்பில் ஒரு புல் பூக்கிறது, மலை ஜனங்கள் கூரைக்கு அறுப்பார்கள், கூரைப்புல் என்பார்கள். அது வேண்டும் என்று புரொபசர் சொல்லியிருந்தார். நாலாம் நாள் பொன்னுரங்கம் மரச்சட்டக் கட்டோடு இறங்கி வந்தார். அடுத்த வாரம் நான் கட்டைப் பிரித்தேன். 417-ஆம் நம்பர் புல். பூங்கொத்து தவிட்டு நிறத்தில் அழகாகக் காய்ந்திருந்தது. அடியில் விரல் பருமனில் ஒரு கிழங்கு வேர், மேலே செம்பட்டை மயிர். இரண்டுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடைவெளி.

“அண்ணே, தண்டும் வேரும் சேரவே இல்லியே?” என்றேன்.

“காஞ்சப்ப ஒடிஞ்சிபோச்சும்மா. அங்க ஒரு பட்டை ஒட்டிடு” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செடி அட்டையில் நிற்பதற்கு நாங்கள் பசைத்தாளில் மெல்லிய பட்டை வெட்டி, குறுக்கே ஒட்டுவது வழக்கம். பட்டையை வெட்டிக்கொண்டே தண்டின் நுனியைப் பார்த்தேன். ஒடிந்த தண்டு பிசிறாக இருக்கும். இது சாய்வாக, சுத்தமாக இருந்தது, அரிவாள் பட்ட வெட்டு. மண்ணிலிருந்து பிடுங்கிய புல்லில் அரிவாளுக்கு என்ன வேலை? எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வேலைக்கு வந்து ஒரு வருடம். நமக்கேன் பொல்லாப்பு என்று பட்டையைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டி ஒட்டினேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். வாயைத் திறக்க வேண்டிய ஒரே நாளில் மூடிக்கொண்டேன்.

மலையில் என்ன நடந்தது என்பதை அவர் எனக்கு முப்பத்து நாலு வருடம் கழித்துத்தான் சொன்னார். இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து விளையாட எனக்குப் பொறுமை கிடையாது.

பாறை வரைக்கும் ஏறிவிட்டார். விளிம்பு பத்தடி தூரத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு சிறிய திட்டு, அந்தத் திட்டில் புல் அலையடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே ஒன்றுமில்லை, மரங்களின் உச்சிதான். அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே இரண்டடி நகர்ந்து பார்த்தார், முடியவில்லை. அப்போது அந்தத் திட்டிலிருந்து ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு, இடுப்பில் அரிவாளோடு மேலே ஏறி வந்தாள். இருபது வயது இருக்கும். பெயர் செல்லியம்மாள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. பேண்ட் போட்ட ஆளைக் கண்டதும் அவள் ஒற்றையடிப் பாதையை விட்டு முள்ளில் இறங்கி நின்றாள்.

“ஆபீசரு மொதல்ல போங்க ஐயா” என்றாள்.

இதைப் பொன்னுரங்கம் என்னிடம் சொன்னது இப்படி: “என் ஜென்மத்துல எனக்கு ஒருத்தர் வழி வுட்டு நின்னது அதான் மொத தடவ, ராஜாம்பா. நாங்கதான் எல்லாருக்கும் சேத்துல எறங்கி நின்னோம். அந்தப் பொண்ணு என்னியப் பாத்து முள்ளுல எறங்கி நிக்குது. அதுகிட்டப் போயி, எனக்குக் காலு ஆடுது, நீ திரும்ப எறங்கி ஒரு வேரு புடுங்கியாந்து குடும்மான்னு எப்படிக் கேக்கிறது? வாயி வரல.”

எழுந்து பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆபீசர் மாதிரியே நடந்து போனார். பின்னால் வந்த அவள் புல்லுக்கட்டை ஒரு பாறைமேல் இறக்கிவைத்துவிட்டு ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனாள். இவர் கட்டிலிருந்து பூத்த தண்டாக ஒரு கைப்பிடி உருவினார். திரும்பினால் அவள் ஈர வாயோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். “சர்க்காருக்கு வேணும்” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அறுத்த புல்லில் வேர் ஏது? ஓடைக்கரையில் கிடந்த வேறு ஏதோ ஒரு புல்லைத் தோண்டி, அதன் வேரை அறுத்து, செய்தித்தாளில் தண்டுக்கு நேராக வைத்து மரச்சட்டத்தை இறுக்கினார். அவர் செய்தது அவ்வளவுதான். ஆயிரம் ஷீட்டில் ஒரு ஷீட்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

புரொபசர் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்து வேரைப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “இந்தப் பூவுக்கு இப்படி ஒரு வேர் உலகத்துலேயே கிடையாதுய்யா!” என்று கூவினார். பாவம், அவர் சொன்னது முழு உண்மை.

ஒன்றரை வருடம் கடிதப் போக்குவரத்து நடந்தது. எங்கெங்கிருந்தோ புத்தகங்கள் வந்தன. கடைசியில் இது புது இனம் என்று புரொபசர் ஒரு கட்டுரை எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை எழுதியவருடையது. எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டு, பொன்னுரங்கத்தை முன்னால் நிறுத்தினார். புல்லின் அறிவியல் பெயரில் இரண்டாவது சொல்லாகப் பொன்னுரங்கத்தின் பெயரையே லத்தீன் வால் ஒட்டி வைத்திருந்தார்.

“எம்பேரு வெச்சிருக்கலாம். ஆனா அந்தப் பாறையில உயிரக் குடுத்து ஏறுனது நீதானேப்பா” என்றார்.

பொன்னுரங்கம் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அட்டெண்டர் மாயவன் கைதட்டினார், எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன். தட்டும்போது அந்த அகலமான பட்டை என் கண்ணுக்குள் வந்தது, இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

எங்களுக்குத் தெரியாமல் அவர் அன்றைக்குச் சாயந்தரமே புரொபசரின் அறைக்குப் போயிருக்கிறார், சொல்லிவிடலாம் என்று. புரொபசர் ஒரு கடிதத்தை நீட்டி, “படிச்சுப் பாரு” என்றாராம். இவரைத் தினக்கூலியிலிருந்து எடுத்து நிரந்தரம் ஆக்கச் சொல்லிக் கல்லூரி முதல்வருக்கு எழுதிய சிபாரிசு. அதில் முதல் காரணமே இந்தப் புல்தான். பொன்னுரங்கம் கடிதத்தைப் படித்தார், கும்பிட்டார், வெளியே வந்துவிட்டார். மூன்று மாதத்தில் நிரந்தரமும் ஆனது.

அதன் பிறகு அந்தப் புல் அவரை விடவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒருவர் தன் தங்கை ரங்கம்மாளைக் கொடுத்தபோது, “மாப்பிள பேருல ஒரு புல்லே இருக்குது” என்று பத்து ஊருக்குச் சொன்னார். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ரங்கம்மாள் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடம் அதைக் காட்டும்போதெல்லாம் பொன்னுரங்கம் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கல்லூரியிலும் அதே கதைதான். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வந்தால் புரொபசர் 417-ஐ எடுத்து விரிப்பார், இவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நழுவுவார். “ரொம்ப அடக்கம்பா இவருக்கு” என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும், விரித்த அட்டையைச் சீக்கிரம் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுவேன்.

91-இல் புரொபசர் படுத்த படுக்கையாகிவிட்டார். பொன்னுரங்கம் பார்க்கப் போனார். இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிடுவது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம். புரொபசர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொன்னுரங்கம், இன்னொரு தடவ மலைக்குப் போய் அந்தப் புல்ல வேரோட ரெண்டு எடுத்துட்டு வாப்பா. பச்சையா ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்.”

“சரிங்க ஐயா” என்றார் பொன்னுரங்கம். எங்கே போவார், எதைக் கொண்டுவருவார்? பன்னிரண்டு நாள் வீட்டை விட்டே வரவில்லை, காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தார். பதின்மூன்றாம் நாள் புரொபசர் போய்விட்டார். சாவுக்கு வந்தவர்களில் பொன்னுரங்கம் அழுத அளவுக்கு அவருடைய சொந்தப் பிள்ளைகள் அழவில்லை. தன்னை நம்பிய மனுஷனைச் சாகும்வரை ஏமாற்றிவிட்டோம் என்ற வெட்கம் அன்றைக்குப் பிடித்தது, கடைசிவரை இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால், இது அவரும் நானும் மட்டும் சுமந்துவிட்டுப் போகிற பாவம். 2006-இல் அவர் ஓய்வு பெற்றார். அதே வருடம் மலைப்புல் பாதுகாப்புக் குழு என்று ஒன்று கிளம்பி, அபூர்வமான புற்களைத் தேடிக்கொண்டு சடையன் பாறைக்குப் போயிருக்கிறது. லேபிளில் எழுதியிருந்த இடம் சரியாக இருந்தது. பாறை விளிம்பில் கூரைப்புல் மண்டிக் கிடந்தது, பூ அச்சு அசலாக அதே பூ. ஆனால் பிடுங்கிப் பார்த்தால் சாதாரண நார் வேர். எத்தனை பிடுங்கினாலும் நார் வேர்தான். அப்படியானால் இது வேறு புல், பொன்னுரங்கத்தின் பெயர் வைத்த கிழங்கு வேர்ப் புல் அழிந்துபோய்விட்டது அல்லது அழியப் போகிறது என்று முடிவு கட்டினார்கள். யார் அழித்தது? வருடா வருடம் அங்கே புல் அறுப்பவர்கள் யாரோ அவர்கள்தான். சரிவைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுப் போர்டு வைத்தார்கள். மூன்று வருடத்துக்குப் புல் அறுக்கத் தடை. 2009 ஜனவரியில் வெள்ளிமலையில் கூட்டம் போட்டு அதை நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு.

கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால் டாக்டர் ஆண்டாள் எங்கள் ஹெர்பேரியத்துக்கு வந்தாள். புல்லில் ஆராய்ச்சி செய்கிறவள், குழு அவளிடம் அறிக்கை கேட்டிருந்தது. 417-ஐ மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“மேடம், இந்த எடத்துல மட்டும் பட்டை ஏன் இவ்ளோ அகலமா இருக்கு?”

“காஞ்சப்ப ஒடிஞ்சிருந்திச்சு” என்றேன். முப்பத்து நாலு வருடத்துக்கு முன் பொன்னுரங்கம் சொன்ன அதே பொய். எனக்கு ஐம்பத்தாறு வயது, ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. யாருக்குப் பயந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அவள் விடவில்லை, புல்லை எடுத்தவரையே பார்க்க வேண்டும் என்றாள். வடக்கனந்தலுக்குக் கூட்டிப் போனேன். பொன்னுரங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலி, போர்டு எதுவும் அவருக்குத் தெரியாது, மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன். ஆண்டாள் விஷயத்தைச் சொன்னாள்.

“கூரைக்கு அறுத்து அறுத்துதான் அழிஞ்சதுன்னு போர்டுலயே எழுதியிருக்காங்க ஐயா. நீங்க எடுத்த சரியான எடத்தக் காட்டுனா, வேலி எதுவரைக்கும் போடணும்னு சொல்லிடலாம்.”

கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார். பிறகு அவர் சாப்பிடவில்லை. ஆண்டாள் ஜீப்பில் ஏறப் போனதும் என்னிடம் வந்தார்.

“நாளைக்கு நீயும் வா ராஜாம்பா. தனியாப் போனா நான் திரும்பியும் பொய் சொல்லிடுவேன்.”

“இன்னா பொய்யிண்ணே?” என்று கேட்டேன், தெரியாத மாதிரி. அப்போதுதான் அவர் பாறை, புல்லுக்கட்டு, ஓடைக்கரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீதான் ஒரு தடவகூடக் கேக்கலியே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் மூன்று பேரும் வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்து நடந்தோம். சடையன் பாறைக்குக் கீழே ஐந்தாறு வீடுகள். வேலி அந்த வீடுகளின் முதுகை ஒட்டியே போயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புல் இடுப்பளவுக்கு நின்றது. இந்தப் பக்கம் வீடுகளின் கூரையில் பழைய புல் மக்கி ஓட்டை விழுந்து, உரச்சாக்கைக் கிழித்துப் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். பொன்னுரங்கத்தின் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க அந்தப் புல்லு எடுத்துக்கினு போன ஆபீசரு ஐயாதான?” என்றாள்.

ஐம்பத்து சொச்சம் வயது செல்லியம்மாள். முக்காலியை எடுத்து வந்து போட்டு முந்தானையால் துடைத்தாள். “குந்துங்க ஐயா” என்று சொல்லிவிட்டு அவள் நின்றாள். பொன்னுரங்கம் உட்காரவில்லை. நான் பின்னாலிருந்து, “சொல்லுண்ணே” என்றேன்.

சொன்னார். ஆண்டாளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார், பாதியிலேயே செல்லியம்மாள் பக்கம் திரும்பிவிட்டார். “நான் எறங்கல. அந்தத் திட்டுல என்னால எறங்க முடியல. இந்தம்மா அறுத்த கட்டுலேர்ந்து உருவினேன். வேரு ஓடையில தோண்டுனது, வேற புல்லு. அந்தக் கெழங்கு வேரு வெச்ச புல்லுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. எப்பவுமே இல்ல.”

ஆண்டாள் குறிப்பேட்டை மூடிவிட்டாள். செல்லியம்மாளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இல்லாத புல்லைத் தேடித்தான் வேலி போட்டார்கள் என்று ஆண்டாள் விளக்கிச் சொன்னாள். கேட்டுவிட்டு அந்த அம்மாள் பொன்னுரங்கத்திடம் கேட்டது இதுதான்:

“வேருதான் வேணும்னு வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னாங்க ஐயா? கட்ட வெச்சிட்டு எறங்கி ஒண்ணு புடுங்கியாந்து குடுத்திருப்பேனே. வெத்தல போடற நேரம்கூட ஆவாதே.”

குற்றமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவளே தொடர்ந்தாள்.

“போர்டுல எழுதியிருக்கறத மருமவ படிச்சிக் காட்டுச்சு. நாங்க அறுத்ததுலதான் அந்தப் புல்லு செத்துப்போச்சுன்னு. அந்தத் திட்டுல எறங்கி ஜாஸ்தி அறுத்தது நான்தான். மூணு வருசமா எங்கையாலதான் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க ஐயா. யாருகிட்டயும் சொல்லல. வெக்கமா இருந்திச்சு.”

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பட வேண்டிய வெட்கத்தை, ஒரு தப்பும் செய்யாத ஒருத்தி மூன்று மழைக்காலம் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்து பட்டிருக்கிறாள். பொன்னுரங்கம் ‘மன்னிச்சிடும்மா’ என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் உடனே மன்னித்திருப்பாள், அது அவருக்கு வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்களை ஓடைவரை கொண்டுவிட அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். ஒற்றையடிப் பாதை. பழக்கத்தில் அவள் ஓரமாக ஒதுங்கப் போனாள். அதற்குள் பொன்னுரங்கம் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முள்ளில் இறங்கி நின்றுவிட்டார். “நீங்க போங்கம்மா” என்றார். அவள் தயங்கினாள், பிறகு போனாள். அவள் வெகுதூரம் போகும்வரை அவர் மேலே ஏறவில்லை.

மறுநாள் காலை ஹெர்பேரியத்தில் 417-ஐ வெளியே எடுத்தேன். ஆண்டாள் ஈரப்பஞ்சால் நனைத்து நான் ஒட்டிய பட்டையை உரித்தாள். அரிவாள் வெட்டு அப்படியே இருந்தது. பொன்னுரங்கம் பழைய லேபிளைத் தொட்டுப் பார்த்தார்.

“இத எடுத்துட முடியாதா ராஜாம்பா?”

“முடியாதுண்ணே. உனக்கே தெரியும்.”

“தெரியும். கேட்டுப் பாத்தேன்” என்றார்.

திருத்தச் சீட்டை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கடைசி வரியை அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். “நீ எதுக்கும்மா?” என்று கையைப் பிடித்தார். விடச் சொல்லிவிட்டு அடித்து முடித்தேன். அந்தச் சீட்டின் நகலோடு ஆண்டாள் கூட்டத்துக்குப் போனாள். வேலியைப் பிரிக்கவே அடுத்த டிசம்பர் ஆகிவிட்டது. புல்லின் பெயர் புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. தப்பாக வைத்த பெயர் என்ற குறிப்போடு இருக்கும், அதையும் யாராலும் எடுக்க முடியாது. கூடத்தில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பொன்னுரங்கம் தானே கழற்றினார். ஏன் என்று ரங்கம்மாளிடமும் சொல்லிவிட்டார். அவள் ஒரு வாரம் பேசவில்லையாம், பிறகு பேசினாளாம்.

மலருக்கு ஒரு பக்கம்தான் வேண்டுமென்றால் இவ்வளவையும் போட வேண்டாம். தலைப்பை எடுத்துவிட்டு அந்தச் சீட்டை மட்டும் போட்டால் போதும். மூன்றாவது அலமாரி, மேல் தட்டு. அதில் இருப்பது இது:

‘417. தண்டும் பூவும்: சடையன் பாறைத் திட்டில் அறுத்தவர் செல்லியம்மாள். வேர்: வேறு புல்லினுடையது, ஓடைக்கரையில் தோண்டி, இதனுடன் சேர்த்து வைத்தவர் பொன்னுரங்கம். அவர் திட்டில் இறங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. சேர்ந்த இடத்தைப் பட்டை ஒட்டி மறைத்தவர் ராஜாம்பாள். தெரிந்தே.’